‘ஈப்போ’வில் எத்தனை எழுத்து? சார்புவழி நிரலாக்கமும் தமிழ்ச் சொற்களும்

‘ஈப்போ’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? முதலாம் ஆண்டுப் பிள்ளையைக் கேட்டால் ஈ, ப், போ என்று விரல்விட்டு எண்ணி மூன்று என்று சொல்லிவிடும். படிவம் 4 கணினி அறிவியல் மாணவர் அதே சொல்லை ஜாவாவில் ஒரு சரமாகக் கொடுத்து நீளம் கேட்டால் 5 என்று விடை வரும். அதே சொல்லைக் கோப்பில் சேமித்து பைட் கணக்குப் பார்த்தால் 15. மூன்றுமே சரியான விடைதான். நாம் எதை எண்ணச் சொன்னோம் என்பதில்தான் வேறுபாடு.

இது வெறும் விளையாட்டுக் கணக்கு இல்லை. சுங்கை சிப்புட், கம்பார், பத்து காஜா பக்கமெல்லாம் பழைய ரப்பர் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன. லயத்தில் வாழ்ந்த தாத்தா பாட்டிகளோடு தோட்டச் சொற்களும் போய்க்கொண்டிருக்கின்றன. பெரட்டு, ஆயக்கொட்டகை, கங்காணி, கிராணி, கட்டிப்பால் போன்ற சொற்களைப் பிள்ளைகள் வீட்டில் கேட்டு வந்து ஒரு சொல்லடைவாகத் தொகுக்கிறார்கள் என்று வையுங்கள். நல்ல செயல்திட்டம். ஆனால் அதைக் கையாளும் நிரல் தமிழைத் தவறாக வெட்டினால் என்ன ஆகும்? ஒரே சொல் இரண்டு தடவை பதிவாகும், வரிசை குழம்பும். கோப்பைத் திறந்தால் சில சமயம் கேள்விக்குறிகள் மட்டும்தான் மிஞ்சும். பாட்டியிடம் மறுபடி கேட்க முடியாத நிலையில் அது சின்ன இழப்பு இல்லீங்க.

இந்தச் சிக்கலைச் சார்புவழி நிரலாக்கத்தின் போக்கில் தீர்ப்பது எப்படி என்று பார்ப்போம். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். கூடுதல் கணிதம் படிவம் 4-இன் முதல் பாடமே ‘ஃபங்சி’தான். ஒன்றை உள்ளே கொடுத்தால் ஒன்று வெளியே வரும். அதே உள்ளீட்டுக்கு எப்போதும் அதே வெளியீடு. ஒரு சார்பின் விடையை இன்னொன்றுக்குள் செலுத்தினால் ‘ஃபங்சி குபாஹான்’. ஹாஸ்கெல், எர்லாங், ஓகேமல் போன்ற மொழிகள் இந்த எண்ணத்தின் மேல் கட்டப்பட்டவை. ஜாவாவும் 2014-இல் வந்த 8-ஆம் பதிப்பிலிருந்து இதற்கு இடம் கொடுக்கிறது.

தமிழ் ஆசிரியர்களுக்கு இது இன்னும் பழக்கமான விஷயம். யாப்பில் எழுத்தால் அசை, அசையால் சீர், சீரால் அடி என்று படிப்படியாகக் கட்டுகிறோம் அல்லவா? ஒவ்வொரு படியும் முந்தைய படியின் விடையை மட்டும் வாங்கிக்கொண்டு வேலை செய்கிறது. சீர் வாய்பாடு சொல்பவர் மறுபடி மூல எழுத்தைத் தேடிப் போவதில்லை.

சரி, எழுத்தைப் பிரிப்போம். ஒருங்குறியில் ‘ஈ’ என்பதன் எண் 2952, ‘ப’ 2986, புள்ளி 3021, ஓகாரக் குறி 3019. ஆகவே ‘ஈப்போ’ என்பது கணினிக்கு 2952, 2986, 3021, 2986, 3019 என்ற ஐந்து எண்கள். உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் 3006-இலிருந்து 3021 வரைக்குள் இருக்கின்றன, ஔகாரத்தின் தனிச் சிறகு மட்டும் 3031. இப்போது விதி ஒன்றே ஒன்றுதான்: வந்த எண் குறியாக இருந்தால் கடைசி எழுத்தோடு ஒட்டு, இல்லையென்றால் புதிய எழுத்தைத் தொடங்கு. இதைச் சொல்லின் மேல் இடமிருந்து ஓட்டிப் பாருங்க:

தொடக்கம்: வெற்றுப் பட்டியல்
ஈ வந்தது: [ஈ]
ப வந்தது: [ஈ, ப]
புள்ளி வந்தது: [ஈ, ப்]
ப வந்தது: [ஈ, ப், ப]
ஓகாரக் குறி வந்தது: [ஈ, ப், போ]

இதுவரை சேர்ந்த விடை, புதிதாக வந்த உறுப்பு, இரண்டிலிருந்தும் அடுத்த விடை. இப்படிப் பட்டியல் முழுவதையும் சுருட்டிக்கொண்டு போவதைத்தான் ‘ஃபோல்டு’ என்கிறார்கள். பாய் சுருட்டுவது மாதிரி என்று பிள்ளைகளிடம் சொல்லலாம். பட்டியல் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். நெடிலை மட்டும் பொறுக்கினால் ‘ஃபில்டர்’. ஒவ்வோர் எழுத்தையும் குறில், நெடில், ஒற்று என்று மாற்றினால் ‘மேப்’.

தேர்வுப் பயிற்சிகளில் அடிக்கடி வரும் ‘இருபுறமும் ஒன்றாக வாசிக்கப்படும் சொல்’ கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு ‘விகடகவி’ உடனே நினைவுக்கு வரும். ஆங்கிலச் சொல்லுக்கு எழுதிய நிரலில் இதைக் கொடுத்தால் ‘இல்லை’ என்று விடை வரும்! ஏனென்றால் அது எழுத்தைத் திருப்பவில்லை, எண்ணைத் திருப்புகிறது. இகரக் குறி சொல்லின் முன்னால் வந்து நின்றுவிடுகிறது. முதலில் எழுத்தாகப் பிரி, பிறகு திருப்பு, பிறகு ஒப்பிடு என்று மூன்று சார்புகளைக் கோத்தால் சரியாகிவிடும். மூன்றில் எது தவறு என்று சந்தேகம் வந்தாலும் தனித்தனியாகச் சோதிக்கலாம்.

ஜாவாவில் ஒரு கண்ணி இருக்கிறது. ‘ஸ்ட்ரீம்’ வசதியில் உள்ள ‘ரெடியூஸ்’ நம்ம ஃபோல்டு மாதிரியே தெரியும், ஆனால் அது கேட்பது வேறு. சொல்லை எங்கே துண்டாக்கி எந்தத் துண்டை முதலில் கணக்கிட்டாலும் விடை மாறக்கூடாது என்பது அதன் நிபந்தனை. ‘ப’வுக்கும் புள்ளிக்கும் நடுவில் வெட்டினால் நம் விதி தடுமாறும். அதனால் படிவம் 4 மாணவர்களுக்கு என் பரிந்துரை: எழுத்துப் பிரிக்கும் சார்புக்குள் சாதாரணச் சுழற்சியையே எழுதுங்கள். உள்ளே மாறி மாறினால் குற்றமில்லை. அந்த மாற்றம் வெளியே கசியாமல், ஒரே சொல்லுக்கு ஒரே விடை வந்தால் அது தூய சார்புதான். எல்லாவற்றையும் ஒரே வரியில் ஸ்ட்ரீமாக எழுதுவதுதான் உயர்ந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். அது வெறும் மோகம்.

இன்னொன்று, ஒருமுறை பயன்படுத்திய ஸ்ட்ரீமை மறுபடி பயன்படுத்தினால் ஜாவா பிழை சொல்லி நிற்கும். பைத்தானில் ‘மேப்’ கொடுத்த விடையை இரண்டாம் முறை ஓட்டினால் பிழைகூட வராது, வெறுமையாக இருக்கும். மாணவர் எண்ணிக்கையை ஒருமுறை அச்சிட்டுவிட்டு, பட்டியலைக் காணோமே என்று தேடுவது இதனால்தான். முதலிலேயே பட்டியலாக மாற்றி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்போது ‘ஆயக்கொட்டகை’க்கு வருவோம். இதில் ‘கொ’ என்பதைக் கணினி இரண்டு விதமாக வைத்திருக்க முடியும். ஒகரக் குறி ஒரே எண்ணாக இருந்தால் சொல் முழுவதும் 11 எண்கள். ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக இருந்தால் 12. திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். நம் விதிப்படி எண்ணினால் இரண்டுக்கும் ஏழு எழுத்துதான். ஆனால் ‘இரண்டும் ஒன்றா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்று வரும். இரண்டு பிள்ளைகள் வேறு வேறு விசைப்பலகையில் தட்டிய சொல் சொல்லடைவில் இரண்டு முறை வருவதற்கு இது ஒரு காரணம். வழி என்னவென்றால் ஒருங்குறியின் இயல்பாக்கத்தை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்துவிட வேண்டும். ஜாவாவிலும் பைத்தானிலும் அது மொழியோடேயே வருகிறது. ஹாஸ்கெலில் தனிப் பொதி வேண்டும்.

அந்தப் பொதியில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ‘டெக்ஸ்ட்-ஐசியு’ என்ற பொதி ஐசியு என்னும் சி மொழி நூலகத்தைக் கணினியில் எதிர்பார்க்கும். விண்டோஸ் போட்ட பள்ளிக் கணினியில் அதை நிறுவுவது பெரும்பாடு. ‘யூனிகோட்-டிரான்ஸ்ஃபார்ம்ஸ்’ முழுக்க ஹாஸ்கெலிலேயே எழுதப்பட்டது, வெளி நூலகம் எதுவும் வேண்டாம். வகுப்புக்கு இரண்டாவதே போதும். ‘பேஸ்’ பொதி ஒத்துவரவில்லை என்று கபால் புலம்பினால் எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவ ஓடாதீர்கள். பேஸ் என்பது தொகுப்பியோடு ஒட்டியே வருவது. தொகுப்பி 9.2-க்கு பேஸ் 4.16, 9.4-க்கு 4.17, 9.6-க்கு 4.18. மாற்ற வேண்டியது தொகுப்பியின் பதிப்பை. ‘ஜிஎச்சியப்’ கருவியில் பல பதிப்புகளை வைத்து மாற்றிக்கொள்ளலாம். ஓடுகிற ஒரு நிலை கிடைத்ததும் கபாலின் உறையவைக்கும் கட்டளையைக் கொடுத்து, உருவாகும் கோப்பைச் செயல்திட்டத்தோடேயே வைத்திருங்கள். அடுத்த ஆண்டு மாணவர்களுக்கும் அதே பதிப்புகள் கிடைக்கும்.

பள்ளியிலும் வீட்டிலும் ஒரே ஜாவா நிரல் வேறு வேறு விடை தருவது தனிக்கதை. ‘கிராணி’ என்ற சொல்லுக்கு வீட்டில் நீளம் 6 வருகிறது, பள்ளிக் கணினியில் 18. நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை! காரணம் ஜாவாவின் பதிப்பு. 2022-இல் வந்த 18-ஆம் பதிப்பிலிருந்துதான் யூடிஎஃப்-8 இயல்பான குறியாக்கம். அதற்கு முந்தைய பதிப்புகள் விண்டோஸில் அந்தக் கணினியின் பழைய குறியாக்கத்தை எடுத்துக்கொள்ளும். ஆங்கில அமைப்பில் அது பெரும்பாலும் விண்டோஸ்-1252. தமிழின் ஒவ்வோர் எண்ணுக்கும் யூடிஎஃப்-8-இல் மூன்று பைட். பழைய குறியாக்கம் ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகப் படிப்பதால் ஆறு பதினெட்டாகிறது.

‘லயம்’ மாதிரிப் புள்ளி உள்ள சொல் இருந்தால் தொகுப்பி முணுமுணுக்கும், ஏனென்றால் புள்ளியின் மூன்றாவது பைட்டுக்கு அந்தப் பழைய அட்டவணையில் இடமே இல்லை. ‘கிராணி’யில் புள்ளி இல்லை. அதனால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் தவறான விடை வந்து நிற்கிறது. தேர்வுச் செயல்திட்டத்தில் இதுதான் ஆபத்தான வகை. தொகுக்கும் கட்டளையிலேயே குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று எழுதிவிடுங்கள். கோப்பைப் படிக்கும்போதும் எழுதும்போதும் அப்படியே. பைத்தானிலும் கோப்புத் திறக்கும் இடத்தில் குறிப்பிடுவது நல்லது. திரையில் மட்டும் கோளாறு என்றால் விண்டோஸ் கட்டளைச் சாளரத்தின் குறிப்பக்கத்தை 65001 ஆக மாற்றிப் பாருங்க.

ஹாஸ்கெலில் புதிதாக நுழைபவர் ‘ஈப்போ’ என்று அச்சிடச் சொல்லி \2952\2986\3021\2986\3019 என்று வந்ததைப் பார்த்து எழுத்துரு கெட்டுவிட்டது என்று நினைப்பார். கெடவில்லை. ‘பிரின்ட்’ என்பது மதிப்பை நிரலாளருக்குக் காட்டும் வடிவத்தில் எழுதுகிறது. சரத்தை அப்படியே எழுத ‘புட்ஸ்டர்எல்என்’ இருக்கிறது. அடுத்த வழக்கமான இடறல்: சொல்லடைவுக் கோப்பைப் படித்து, திருத்தி, அதே பெயரில் எழுதப் போனால் கோப்பு பூட்டியிருக்கிறது என்று பிழை வரும். ஹாஸ்கெல் சோம்பல்காரன். தேவைப்படும்போதுதான் படிக்கும், படித்து முடிக்கும்வரை கோப்பை விடாது. வேறு பெயரில் எழுதிவிட்டுப் பிறகு பெயர் மாற்றுங்கள். பாட்டி சொன்ன சொற்களின் மூலக்கோப்பு தப்பிப்பதும் கூடுதல் லாபம்.

இங்கே கவனித்தீர்களா, கோப்பு, திரை, குறியாக்கம் எல்லாம் வெளியுலகத்தின் தொல்லைகள். எழுத்துப் பிரிப்பதும் அசை பிரிப்பதும் உள்ளே நடக்கும் கணக்கு. இரண்டையும் ஒரே சார்பில் கலந்து எழுதிய மாணவருக்கு 18 எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க ஒரு நாள் போகும். பிரித்து எழுதியவர் கிராணியின் ஆறு எண்களையும் கையால் கொடுத்துப் பார்ப்பார். மூன்று எழுத்து என்று சரியாக வந்தால் தவறு உள்ளே இல்லை, வாசலில்தான் என்று தெரிந்துவிடும்.

இலக்கணம் தெரிந்தவர் முடிவு செய்ய வேண்டிய இடங்களும் உண்டு. சுங்கை சிப்புட்டில் 1948 ஜூனில் அவசரகாலத்துக்குத் தொடக்கமாக அமைந்த கொலைகளில் ஒன்று நடந்த தோட்டத்தின் பெயரை ‘எல்பில்’ என்றும் எழுதலாம், ‘எல்ஃபில்’ என்றும் எழுதலாம். முதலாவது நான்கு எழுத்து. இரண்டாவதில் ஆய்தத்தைத் தனியாக எண்ணினால் ஐந்து, ‘ஃபி’யை ஓர் ஒலியாகக் கொண்டால் நான்கு. ‘க்ஷ’வை நம் விதி இரண்டாக வெட்டும். அகரவரிசையும் அப்படித்தான். ஒருங்குறியின் வரிசையில் ‘ன’ நகரத்தை அடுத்தே வந்துவிடுகிறது, ‘ற’ ரகரத்துக்குப் பின்னாலேயே நிற்கிறது. இந்த முடிவுகளை நிரல் முழுக்கத் தூவாமல், ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு சார்பு வையுங்கள். தமிழாசிரியர் திருத்தச் சொன்னால் ஒரே இடத்தில் திருத்தலாம். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ நிரல்மொழியைச் சார்ந்து வளர்ந்த ‘ஓப்பன்-தமிழ்’ என்ற பைத்தான் நூலகத்தில் எழுத்துப் பிரிப்பு தயாராகவே இருக்கிறது. ஆனால் மாணவர் முதலில் ஒருமுறை தாமே எழுதிப் பார்க்கட்டும்.

பயிற்சிக்குச் சில சொற்கள். முதலில் எழுத்து, பிறகு ஒருங்குறி எண்களின் எண்ணிக்கை, பிறகு அசை. ‘பெரட்டு’: 4, 7, பெரட்/டு, புளிமா. ‘கங்காணி’: 4, 7, கங்/கா/ணி, தேமாங்காய். ‘கட்டிப்பால்’: 6, 11, கட்/டிப்/பால், தேமாங்காய். ‘தோட்டப்புறம்’ என்பதை மட்டும் விடை சொல்லாமல் விட்டிருக்கிறேன். அசை பிரிக்கும் சார்பை எழுதும்போது பட்டியலின் முதல் எழுத்து குறிலா, அடுத்தது ஒற்றா என்று பார்த்து ஓர் அசையை வெட்டி, மீதியை அதே சார்புக்கே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். மீதி ஒன்றும் இல்லாதபோது நிற்க வேண்டும் என்பதை முதல் வரியாக எழுதச் சொல்லுங்கள்.