அக்காவுக்கும் பங்கு உண்டு

அப்பா இறந்து பதினாறாம் நாள். காரியம் முடிந்தது. தம்பி ஒரு தாளை நீட்டினான்.

"ஒரு கையெழுத்துப் போடு அக்கா. பட்டா மாற்றத்தான்" என்றான்.

அக்கா இரவு வகுப்பில் படித்தவள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். மேலே 'விடுதலைப் பத்திரம்' என்று இருந்தது. தன் பங்கை விட்டுக் கொடுப்பதற்கான பத்திரம் அது. பேனாவைக் கீழே வைத்தாள்.

"உனக்கு ஏது பங்கு? சீர் செய்துதானே அனுப்பினோம்?" என்றான் தம்பி.

பல வீடுகளில் கேட்கும் பேச்சுதான். ஆனால் சீர் வேறு, பங்கு வேறு. இந்து வாரிசு உரிமைச் சட்டம் 1956-இல் வந்தது. அப்பா தானே சம்பாதித்த சொத்து, உயிலும் இல்லை என்றால், மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சமபங்கு. அப்பாவின் தாய் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. 2005-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். பூர்வீகச் சொத்திலும் மகளுக்குப் பிறப்பால் உரிமை வந்தது. கல்யாணம் ஆனவளுக்கும் உண்டு. முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் வேறு சட்டங்கள் இருக்கின்றன.

மறுநாள் தம்பி பேச்சை மாற்றினான். "மூன்று ஏக்கரையும் அப்பா எனக்கே உயில் எழுதிவிட்டார்" என்றான்.

உயில் என்றதும் பயந்துவிடக் கூடாது. நகல் கேட்டு வாங்க வேண்டும். உயிலை வெள்ளைத் தாளில் எழுதலாம். பதிவு செய்யாவிட்டாலும் செல்லும். ஆனால் எழுதியவரின் கையெழுத்தோ கைரேகையோ வேண்டும். அதைப் பார்த்த இரண்டு பேராவது சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். மிரட்டி எழுதி வாங்கினால் செல்லாது. தம்பி காட்டிய தாளில் ஒரே ஒரு சாட்சிதான் இருந்தது.

வக்கீல் வைக்க அக்காவிடம் பணம் இல்லை. தாலுகா கோர்ட்டுக்குப் போனாள். அங்கே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு இலவசமாக வக்கீல் தருவார்கள். வருமானம் பார்ப்பதில்லை. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஊனமுற்றோருக்கும் அப்படியே. அவள் வாயால் சொன்னாள். அங்கிருந்தவர் மனுவாக எழுதிக் கொண்டார். இறப்புச் சான்று, பட்டா நகல், உயில் நகல் ஆகியவற்றைக் கொடுத்தாள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் உதவி கேட்கலாம்.

தம்பிக்கு நோட்டீஸ் போனது. முதல் தடவை அவன் வரவில்லை. இரண்டாம் தடவை வந்தான். வழக்கு மக்கள் நீதிமன்றத்தில் பேசப்பட்டது. அங்கே கோர்ட் கட்டணம் கிடையாது. ஆனால் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அதுவே முடிவு. அப்பீல் கிடையாது. அதனால் அக்கா இரண்டு முறை படித்த பிறகே கையெழுத்துப் போட்டாள்.

அம்மாவுக்கு ஒரு ஏக்கர், அக்காவுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. அம்மாவின் நிலத்தையும் தம்பியே உழுகிறான். அந்த நெல் அம்மா வீட்டில் இறங்குகிறது.