நடை சாத்தினால் அடுப்படி அதிரும்!

வாருங்கள், ராமேஸ்வரத்தில் கடல் பார்த்த ஒரு பெரிய ரெஸ்டாரண்டின் பின்வாசல் வழியாக உள்ளே நுழைவோம்! முன்வாசல்தான் எல்லாருக்கும் தெரியுமே. குளுகுளு ஏசி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீலக் கடல், மெனு கார்டைக் கொடுத்துவிட்டுக் காணாமல் போகும் சர்வர், முக்கால் மணி கழித்து ஆறிப்போய் வரும் மீன் வறுவல், கடைசியில் பகீரென்று ஒரு பில். இத்தனை காசு வாங்கும் இடத்தில் ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஏன் மூன்று தரம் கூப்பிட வேண்டியிருக்கிறது? பதில் அடுப்படியில் இருக்கிறது. பெயர் வேண்டாம், இந்தக் கரையில் இந்தக் கதை ஒரு கடையோடு முடிவதில்லை.

மணி 12.50. மாஸ்டர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு மணிக்கு ராமநாதசுவாமி கோயிலில் நடை சாத்துவார்கள்; மறுபடி திறக்க மூன்று மணி ஆகும். விடிகாலை ஸ்படிகலிங்க தரிசனத்துக்கு எழுந்து, அக்னி தீர்த்தத்தில் முழுகி, 22 தீர்த்தங்களிலும் வாளித் தண்ணீரில் நனைந்து, பிராகாரம் சுற்றிய கூட்டம் மொத்தமும் அகோரப் பசியோடு ஒன்றாக வெளியே வரும். தனுஷ்கோடி அரிச்சல்முனை பார்த்துத் திரும்பும் வேன்களும் அதே நேரத்துக்கு வந்து நிற்கும். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து ரயில் கூட்டமும் மறுபடி சேர்ந்துவிட்டது. ஊரில் இருப்பவர்களே 2011 கணக்குப்படி சுமார் 45 ஆயிரம் பேர்தான்!

1.10. ஆர்டர் சீட்டு மிஷின் கரகரவென்று துப்ப ஆரம்பிக்கிறது. அடேயப்பா, அந்தச் சத்தம்! "ஏழுக்கு நண்டு மசாலா!" "அண்ணே, பத்துக்கு என்னாச்சு?" "பத்து போயிருச்சேப்பா, யாரு எடுத்தது?" பத்தாம் மேஜையின் இறால் பன்னிரண்டாம் மேஜையில் பாதி காலியாகிவிட்டது. புதுசாகப் போட வேண்டும். அதற்குள் பத்தாம் மேஜைக்காரர் சத்தம் போடுகிறார். திட்டு வாங்குவது யார்? இறாலைத் தொடாத ஒரு தம்பி.

ஹால் நிறைய மேஜை; சர்வர்கள் மூன்றே பேர். இருவர் வட மாநிலத் தம்பிகள், ஒருவர் மண்டபத்துப் பையன். குஜராத்திலிருந்தும் உத்தரப்பிரதேசத்திலிருந்தும் வரும் யாத்ரீகர்களிடம் வடக்கத்தித் தம்பிகள் கலகலவென்று பேசுகிறார்கள். கோயம்புத்தூர்க் குடும்பம் மெனுவில் விரல் வைத்துக் காட்டுகிறது. "காரம் கம்மியா" என்றது அடுப்படிக்கு "காரமா" என்று போய்ச் சேர்கிறது. ராமநாதபுரம் முண்டு மிளகாய், புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய், அதன் வேலையைக் காட்டிவிடுகிறது!

காலை டிபனுக்கு நின்ற கால்கள்தான் ராத்திரி கடைசிப் பந்திக்கும் நிற்கின்றன. சுவரோரம் ஒரு ஸ்டூல்கூட இல்லை. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டமே திருத்தியது. அந்த நியாயம் சாப்பாட்டுக் கடைக்கும் வந்தே ஆக வேண்டும். கால் வலியோடு நிற்பவரிடம் சிரிப்பை எதிர்பார்ப்பது கொடுமை.

இனி ஐஸ் பெட்டியைத் திறப்போம். இதுதான் எனக்கு ஆகப் பெரிய ஆச்சரியம்! விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. பள்ளி விடுமுறைக் கூட்டம் இங்கே குவிவதும் அதே நாட்களில்தான். மீன் குறைவான மாதத்தில் சாப்பிட ஆள் அதிகம். நாட்டுப்படகு மீன் போதாது. மேற்குக் கரையில் தடை ஜூன் மாதம்தான் தொடங்கும். அதனால் அந்தப் பக்கத்து மீன் ஐஸில் ஏறி வரும். தடை இல்லாத மாதங்களிலும் விசைப்படகு இங்கே தினமும் போவதில்லை. நாட்டுப்படகுக்கும் விசைப்படகுக்கும் நாள் பிரித்து வைத்திருக்கிறார்கள். இந்தக் கரையின் நல்ல நீலக்கால் நண்டோ ஏற்றுமதிக் கம்பெனியைப் பார்த்துப் போய்விடும். இதையெல்லாம் வாடிக்கையாளரிடம் சொல்வதில் என்ன வெட்கம்? மெனுவில் விலை இருக்க வேண்டிய இடத்தில் "சைஸைப் பொறுத்து" என்று போட்டு, வறுத்துச் சாப்பிட்ட பிறகு தொகையைச் சொல்வதுதான் அநியாயம். இதில் எனக்குச் சமாதானமே கிடையாது.

பாம்பன் பக்கம் கூரை போட்ட சின்னச் சாப்பாட்டுக் கடையில் அக்கா என்ன சொல்கிறார் தெரியுமா? "இன்னைக்கு வெளமீன்தான் இருக்கு தம்பி. பொரிக்க அரை மணி ஆகும். இருக்கீங்களா?" மீன், நேரம், முடிவு எடுக்கும் உரிமை, மூன்றும் ஒரே மூச்சில் நம் கைக்கு வந்துவிட்டன! ஏசியும் கண்ணாடியும் கொண்ட கடைக்கு இதைச் சொல்ல ஒரு காசு செலவில்லை.

ஆகவே கடல் பார்த்த மேஜைக்கு ஆசைப்படுகிறவர்களே, பன்னிரண்டு மணிக்கே போய்விடுங்கள், அல்லது இரண்டரைக்குப் போங்கள். மீனைக் காட்டச் சொல்லி, எடை போட்டு, விலை கேட்ட பிறகே அடுப்புக்கு அனுப்புங்கள். பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' தானாகச் சேர்ந்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே அதைக் கூடாது என்றது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் உறுதி செய்தது. மறுத்தால் 1915க்குப் போன் போடுங்கள். எடுக்கச் சொன்ன அந்தத் தொகையில் ஒரு பங்கை, மதியமெல்லாம் நின்ற அந்தத் தம்பியின் கையில் நேராகக் கொடுங்கள்.