கல்கத்தா போட்டோ சங்கமும் அதன் பொக்கிஷதாரும்

போட்டோ எடுக்கும் பித்து ஒருவரைப் பிடித்துவிட்டால் அவர் வீட்டார் படும் பாட்டை நாம் நன்கு அறிவோம். ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கும் பாட்டியை, "இப்படித் திரும்புங்கள், சற்றே வெளிச்சத்தைப் பாருங்கள்" என்று அரை மணி நேரம் வதைப்பார். காபி ஆறிப்போகும், பாட்டிக்குக் கழுத்து வலிக்கும். ஆனால் அதே மனிதர் தம்மைப் போன்ற இன்னொரு பித்தரைச் சந்தித்துவிட்டாரோ, வீட்டாருக்கு விமோசனம் பிறந்துவிடும். மறுநாள் விடியுமுன் இருவருமாக ஏதாவதோர் ஏரிக்கரைக்குப் புறப்பட்டுவிடுவார்கள். காமிராச் சங்கங்களெல்லாம் பாட்டிமார்களின் பிரார்த்தனையால் தோன்றியவை என்றே நாம் வேடிக்கையாக நினைப்பதுண்டு.

வேடிக்கை ஒருபுறம் இருக்கட்டும். இந்தச் சங்கங்களில் வளரும் சிநேகம் ஒரு தனி ரகம். அங்கே ஒருவர் மாதக்கணக்கில் பாடுபட்டு எடுத்த படத்தை மற்றொருவர், "அடிவானம் சாய்ந்திருக்கிறது; முகத்தில் உயிர் இல்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அப்படிச் சொன்னவரே மறுவாரம் தம்முடைய விலையுயர்ந்த லென்ஸைக் கழற்றி அவர் கையில் கொடுத்து, "இதை வைத்து எடுத்துப் பாரும்" என்பார். உத்தியோகத்தில் ஒருவர் பெரிய அதிகாரி, மற்றவர் குமாஸ்தாவாக இருக்கலாம். படங்களைப் பரப்பி வைத்த மேஜையைச் சுற்றி நிற்கும்போது அந்த வித்தியாசம் மறந்து போகிறது. மேஜையை விட்டு அகன்ற பிறகும் அது மறந்தே இருக்குமா என்பதுதான் கேள்வி. கல்கத்தாவில் ஒரு சங்கம் 1857ஆம் ஆண்டில் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டி வந்தது.

அந்தக் காலத்தில் போட்டோ எடுப்பது இன்று போல் ஒரு பொத்தானை அமுக்கும் காரியமன்று. 1851இல் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர் வெளியிட்ட 'ஈரத் தகடு' முறை அப்போதுதான் பரவி வந்தது. வெடிப்பஞ்சை ஈதரிலும் சாராயத்திலும் கரைத்தால் கொலோடியன் என்னும் பாகு கிடைக்கும். அதைக் கண்ணாடித் தகட்டின் மேல் சமமாக ஓடவிட வேண்டும். பிறகு இருட்டில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்க்க வேண்டும். தகடு ஈரமாக இருக்கும்போதே காமிராவில் செருகிப் படம் பிடித்து, அந்த ஈரம் காய்வதற்குள் இருட்டறைக்கு ஓடி அதைக் கழுவியெடுக்க வேண்டும். எல்லாம் சில நிமிஷங்களில் முடியவேண்டிய வேலை. சீமையில் பத்து நிமிஷம் தாங்கும் ஈரம் நம் நாட்டுச் சித்திரை வெயிலில் எத்தனை நிமிஷம் தாங்கும்? வெளியூர் போனால் இருட்டறையும் ஒரு கூடாரமாக மாட்டு வண்டியில் கூடவே வரவேண்டும். மருந்துச் சரக்குகள் கப்பலில் வர மாதங்கள் ஆகும். வந்து சேரும்போது பாதி கெட்டுப்போயிருக்கும்.

தனியொருவனால் தாங்கக்கூடிய காரியமா இது? உன்னிடம் ஈதர் இருக்கிறதா, என்னிடம் காகிதம் இருக்கிறது என்று பண்டமாற்றுச் செய்துகொண்டாலன்றிக் கலை நடக்காது. எவ்வளவு கரைத்தாய், எத்தனை விநாடி வைத்தாய் என்று ஒருவரையொருவர் கேட்டுத்தான் கற்க முடியும். ஆகவே பம்பாயில் 1854ஆம் ஆண்டிலும், கல்கத்தாவில் 1856ஆம் ஆண்டிலும், அதை ஒட்டிச் சென்னையிலும் போட்டோ சங்கங்கள் ஏற்பட்டன. அங்கத்தினரில் பெரும்பாலோர் பிழைப்புக்காகப் படம் எடுத்தவர்கள் அல்லர். பட்டாளத்து அதிகாரிகள், வைத்தியர்கள், எஞ்சினியர்கள், வியாபாரிகள். நம்மவர்களும் சேர்ந்தார்கள். பம்பாய்ச் சங்கத்தில் டாக்டர் பாவ் தாஜியும் அவர் சகோதரர் நாராயண் தாஜியும் இருந்தார்கள்.

சென்னையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. சென்னையில் 1850இல் கலாசாலை ஒன்றைத் தொடங்கிய டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர்தான் அவ்வூர்ச் சங்கத்துக்கும் முக்கிய புருஷர். லின்னேயஸ் ட்ரைப் என்னும் பட்டாளத்துக்காரர், முதலில் விடுமுறைப் பொழுதுபோக்காகக் காமிராவைத் தொட்டவர், பின்பு சென்னை ராஜதானியின் சர்க்கார் போட்டோக்காரராகவே நியமிக்கப்பட்டார். 1857ஆம் வருஷக் கடைசியில் மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர் என்று அவர் யாத்திரை புறப்பட்டார். வெயிலுக்கு அஞ்சி, முன்கூட்டியே தயாரித்து வைக்கக்கூடிய மெழுகுக் காகிதத்தையே பெரும்பாலும் நம்பினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள தமிழ்க் கல்வெட்டுக்களை அவர் 21 படங்களாக எடுத்து ஒட்டி ஒரே நீளச் சுருளாக ஆக்கியிருக்கிறார். ஹண்டரின் கலாசாலையில் பயின்ற அய்யாசாமி என்னும் நம்மவர் அவருக்கு உதவியாளராக இருந்தார். ட்ரைப் துரையின் பெயர் இன்று உலகப் பிரசித்தம். அய்யாசாமியின் பெயரை எத்தனை பேர் அறிவார்கள்?

வெள்ளி நைட்ரேட்டுக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. அது பட்ட விரல் கறுத்துப்போகும்; எளிதில் போகாது. துரையின் விரலானாலும் பாபுவின் விரலானாலும் அதற்குப் பேதம் தெரியாது. கல்கத்தாச் சங்கத்துக் கூட்டங்களில் மேஜைமேல் நீண்ட கைகளெல்லாம் அப்படி ஒரே கறையுடன் இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம்.

அந்தச் சங்கத்தின் பொக்கிஷதார் பாபு ராஜேந்திரலால் மித்ரர். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்துக்குள்தான். 1846 முதல் ஏஷியாடிக் சொஸைடியில் உதவிக் காரியதரிசியாகவும் புத்தகசாலைத் தலைவராகவும் இருந்து, பல பாஷைகளைக் கற்றுத் தேர்ந்தவர். 1851இல் 'விவிதார்த்த ஸங்கிரஹம்' என்று படங்களுடன் கூடிய வங்காளி மாதப் பத்திரிகையைத் தொடங்கியவரும் அவரே. ஆகவே நம்மைப் போன்ற படப் பத்திரிகைக்காரர்களுக்கு அவர் ஒருவிதத்தில் முப்பாட்டனார். பிற்காலத்தில் ரவீந்திரநாத டாகுர் தம் இளமை நினைவுகளில் இவரைப் பற்றி மிகுந்த மதிப்போடு எழுதியிருக்கிறார். இப்படிப்பட்டவரிடம் துரைமார் தங்கள் சங்கத்தின் பணப்பெட்டிச் சாவியையே கொடுத்திருந்தார்கள் என்றால், அவரிடம் அவர்களுக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும்!

அந்த நம்பிக்கைக்கு 1857 ஏப்ரல் மாதத்தில் சோதனை வந்தது.

வங்காளத்துக் கிராமங்களில் அவுரித் தோட்டத் துரைமார்களின் ராஜ்யம் நடந்த காலம் அது. நெல் விளையும் நிலத்தில் அவுரி போடச் சொல்லிக் குடியானவனை வற்புறுத்துவார்கள். முன்பணம் என்று சிறு தொகையைக் கையில் திணித்துத் தலைமுறைக் கடனில் மாட்டிவைப்பார்கள். மறுத்தால் அடியும் சிறையிருப்பும்தான். பெரிய குற்றமானால் வெள்ளைக்காரரைக் கல்கத்தா சுப்ரீம் கோர்ட்டில்தான் விசாரிக்க முடியும். ஜில்லாக் கோர்ட்டுகளுக்கு அதிகாரம் இல்லை. அடிபட்ட குடியானவன் சாட்சிகளையும் அழைத்துக்கொண்டு நூறு மைல் கடந்து கல்கத்தாவுக்குப் போவானா? இந்த அநீதியைப் போக்க அரசாங்கம் சில மசோதாக்களைக் கொண்டுவர, வெள்ளைக்காரர்கள் அவற்றுக்குக் 'கறுப்புச் சட்டங்கள்' என்று பெயர் சூட்டிக் கூக்குரலிட்டார்கள். கறுத்தது சட்டமா, மனமா என்று அக்காலத்தவர் கேட்டிருந்தால் தவறில்லை.

மசோதாக்களை ஆதரித்து நம்மவர்கள் கல்கத்தா டவுன் ஹாலில் கூட்டம் போட்டார்கள். ராஜேந்திரலாலர் அதில் பேசினார். சுற்றி வளைக்கவில்லை. உண்மையான ஆங்கிலேயனுக்குரிய நற்குணங்கள் இல்லாமல், அவனுடைய குறைகளை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தவர்கள் போன இடமெல்லாம் நாசம் விளைவிக்கிறார்கள் என்ற கருத்தில் வெளுத்து வாங்கிவிட்டார். நல்ல ஆங்கிலேயரை அவர் குறைகூறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆயினும் கோபத்துக்கு அந்த நுட்பம் புலப்படவில்லை. நாட்டு நிலைமையும் அப்படி. அதே மாதம் 8ஆம் தேதிதான் பாரக்பூரில் மங்கள் பாண்டே தூக்கிலிடப்பட்டார். அடுத்த மாதம் மீரட்டில் சிப்பாய்கள் கிளம்பினார்கள்.

போட்டோ சங்கத்தில் புயல் எழுந்தது. இப்படிப் பேசியவர் எங்கள் சங்கத்தில் இருக்கலாகாது என்று ஐரோப்பிய அங்கத்தினர் பலர் நின்றார்கள். லென்ஸுக்கும் அவுரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்களின் பேச்சு எடுபடவில்லை. சங்கம் இரண்டுபட்டது, முடிவில் பொக்கிஷதார் வெளியேற்றப்பட்டார். கணக்கில் ஒரு பைசாக் குறையவில்லை. எடுத்த படத்திலும் பிழையில்லை. டவுன் ஹாலில் உண்மையைச் சொன்னதுதான் குற்றம்.

அவரை நீக்கக் கைதூக்கியவர்களெல்லாம் கெட்டவர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அவர்களில் சிலர் முந்தின மாதம்தான் அவருடன் ஒரே வெளிச்சத்தில் படங்களை நீட்டிப் பிடித்துப் பார்த்திருப்பார்கள்; ஒரு புட்டிக் கொலோடியனைப் பங்கிட்டுக்கொண்டிருப்பார்கள். ஆளும் ஜாதியாரின் கௌரவம் என்று ஒன்று குறுக்கே வந்தவுடன் அந்தச் சிநேகம் ஈரம் காய்ந்த தகடு போல் ஆகிவிட்டது. பேசாதிருந்தால் பாபு பொக்கிஷதாராகவே நீடித்திருக்கலாம். நல்ல சிநேகிதர்களை இழக்க யாருக்குத்தான் மனம் வரும்? நமக்கென்னவோ, டவுன் ஹால் படிகளில் அவர் ஏறியபோது இதை அறிந்தேதான் ஏறினார் என்று தோன்றுகிறது.

அவர் சொன்னதை மெய்ப்பிக்க வெகுகாலம் ஆகவில்லை. 1859இல் வங்காளக் குடியானவர்கள் அவுரி பயிரிட மாட்டோம் என்று கிளம்பினார்கள். 1860இல் அரசாங்கமே கமிஷன் வைத்து விசாரித்து, அக்கிரமங்கள் உண்மை என்று கண்டது. தீனபந்து மித்ரரின் 'நீல் தர்ப்பண்' நாடகம் அதே வருஷத்தில் வெளிவந்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காக 1861இல் ஜேம்ஸ் லாங் பாதிரியார் ஒரு மாதம் சிறை சென்றார். விதித்த 1000 ரூபாய் அபராதத்தைக் கட்டியவர் காளிபிரஸன்ன சிங்கர். போட்டோ சங்கத்தில் கிடைக்காத சிநேகம் ஒன்று அந்தக் கோர்ட்டு மண்டபத்தில் கிடைத்தது என்று சொல்லலாம் அல்லவா?

காமிராவையும் அரசாங்கம் சும்மா விடவில்லை. பொழுதுபோக்குக்காரர்களான அதிகாரிகள் எடுத்த படங்களைத் திரட்டி, 1868 முதல் 1875 வரை 'இந்திய மக்கள்' என்னும் பெயரில் 8 தொகுதிகள் வந்தன. அவற்றில் நம் ஜனங்கள் இன்ன ஜாதி, இன்ன குணம் என்று பட்டியலுக்குள் அடைக்கப்பட்டு நிற்கிறார்கள். படம் எடுத்தவன் பக்கத்திலிருந்து பார்த்தால் அது ஞாபகார்த்தம். எடுக்கப்பட்டவன் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு.

ராஜேந்திரலாலரோ ஒரிஸ்ஸாக் கோயில்களை ஆராயப் போனார். சிற்பக் கலாசாலை மாணவர்களைக் கூட்டிச் சென்று, படங்களுடன் 1875இலும் 1880இலும் இரண்டு பெரிய தொகுதிகளை வெளியிட்டார். கல்லில் கட்டும் கலையை இந்தியர் கிரேக்கரிடமிருந்து கற்றனர் என்ற கொள்கையை அவர் ஒப்பவில்லை. அதனால் ஜேம்ஸ் பெர்குஸன் என்னும் பண்டிதருக்குக் கோபம் மூண்டது. 1884இல் ராஜேந்திரலாலரின் பெயரைத் தலைப்பிலேயே போட்டு ஒரு கண்டனப் புத்தகம் எழுதினார். அதில் இல்பர்ட் மசோதாவையும் இழுத்திருக்கிறார். வெள்ளைக்காரரை இந்திய நீதிபதி விசாரிக்கலாமா என்பதே அந்த மசோதாவைப் பற்றிய சண்டை. 27 வருஷத்துக்குப் பிறகும் அதே சண்டை!

மறுவருஷம், 1885இல், ஏஷியாடிக் சொஸைடி அவரைத் தன் அக்கிராசனராகத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவர்தாம். 1886 டிசம்பரில் காங்கிரஸ் மகாசபையின் இரண்டாவது கூட்டம் கல்கத்தாவில் கூடியது. தாதாபாய் நௌரோஜி தலைமை வகித்தார். சென்னையிலிருந்து போன பிரதிநிதிகளையும் மற்ற ராஜதானிக்காரர்களையும் வரவேற்று முதலில் எழுந்து பேசியவர் வரவேற்புச் சபைத் தலைவரான ராஜேந்திரலால் மித்ரர். அவர் நின்று பேசிய இடம் அதே டவுன் ஹால்.