நீல மாத்திரையும் நம் வீட்டுக் காப்பியும்

‘சொன்ன பேச்சைக் கேட்காத வயசு’ என்று பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளைப் பற்றி அலுத்துக்கொள்கிறோம். அதே பெண், தோழி சொன்னால் கேட்கிறாள், பாருங்கள்! இந்தச் சூட்சுமம் தெரிந்துதான், 2014-ல் மத்திய அரசு தொடங்கிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டத்தில், ஆயிரம் பேர் வசிக்கும் இடத்துக்கு இரண்டு பையன்கள், இரண்டு பெண்கள் என்று தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, மற்றப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வைக்கும் ஏற்பாட்டைச் சேர்த்தார்கள்.

சொல்ல வேண்டியவற்றில் முக்கியமானது ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு அது இருந்தது. படியேறினால் மூச்சு வாங்குகிறது, புத்தகத்தைத் திறந்தால் தூங்கி வழிகிறாள் என்றால், சோம்பேறி என்று திட்டிவிடுகிறோமே!

இதற்காகத்தான் வாரம் ஒரு நீல மாத்திரை. 60 மில்லிகிராம் இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் அதில் உண்டு. படிக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளியிலும், படிப்பை நிறுத்திய பெண்களுக்கு அங்கன்வாடியிலும் தருவது வழக்கம்.

எங்கள் தெருக்கோடி அங்கன்வாடியில் ஒரு பெண் மாத்திரையை வாங்கித் துப்பட்டா நுனியில் முடிந்துகொண்டாள். ஏனென்று கேட்டேன். “போன வாரம் வயித்தைப் பொரட்டிச்சு அத்தை. வெளிக்கி கறுப்பாப் போச்சு. அம்மா பயந்துட்டாங்க” என்றாள். காலையில் சாப்பிட்டாளா என்றால், இல்லை! வெறும் வயிற்றில் போட்டால் குமட்டத்தான் செய்யும்; மலம் கறுப்பாவது இரும்புச் சத்தினால், பயமில்லை என்று விளக்கினேன். தலையை ஆட்டினாளே தவிர முடிச்சை அவிழ்க்கவில்லை. பக்கத்திலிருந்தவள், “எனக்கும் அப்படித்தாண்டி இருந்துச்சு. சாப்டுட்டுப் போட்டேன், சரியாப் போச்சு” என்றாள். அவ்வளவுதான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இருவரும் சேர்ந்தே போட்டுக்கொண்டார்கள்!

‘வயசுப் பொண்ணுக்கு வெளியே என்ன கூட்டம்?’ என்று பாட்டிமார் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும், அனுப்பி வையுங்கள்.

வீட்டில் நாம் கவனிக்க வேண்டியது காப்பி, டீ. மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்துக்கு அவை வேண்டாம். இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சைச் சாறோ, நெல்லிக்காயோ, கொய்யாவோ கொடுத்தால் நன்றாகச் சேரும். பையன்களுக்கும் இதெல்லாம் வேண்டும். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10-ஐ ஒட்டித் தரும் பூச்சி மாத்திரையையும் தவறவிடாதீர்கள். அதை மென்று விழுங்க வேண்டும்.

பெண் வெளிறிப்போய், எப்போதும் களைப்பாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தத்தைப் பரிசோதியுங்கள். பன்னிரண்டு வயதுக்கு மேல் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால், வாரம் ஒரு மாத்திரை போதாது. டாக்டர் தனியாக மருந்து தருவார்.