வேரில் உள்ள மதகுகள்

கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து வரும் நீர், எத்தனையோ மதகுகளைக் கடந்தே நமது வயல்களை அடைகிறது. வயலுக்கு வந்த நீர் பயிருக்குள் செல்வதற்கு இன்னும் ஒரு மதகு உண்டு. அது வேரிலேயே அமைந்துள்ளது. கண்ணுக்குப் புலப்படாத அம்மதகு எப்பொழுது திறக்கும், எப்பொழுது மூடும் என்பதை அறிந்துகொள்வது விவசாய அங்கத்தினர்களுக்குப் பெரிதும் பயன்படும்.

சம்பா, தாளடி அறுவடையை ஒட்டி நாம் உளுந்தும் பச்சைப்பயறும் விதைக்கிறோம். சில பகுதிகளில் நெல் தரிசில் பருத்தியும் பயிராகிறது. அச்சமயத்தில் பருவம் தவறிய மழை பெய்து வயலில் நீர் தேங்கினால், ஒரு விந்தையைக் காணலாம். வேர் நீரில் மூழ்கியிருக்க, இலைகளோ வறட்சியில் வாடியவை போலத் துவண்டு விடுகின்றன. காலடியில் நீர் இருந்தும் செடி வாடுவானேன்?

செடியின் உடல் எண்ணற்ற உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் அணுவையும் கொழுப்பாலான மெல்லிய சவ்வு சூழ்ந்திருக்கிறது. அதனூடே நீர் மெதுவாகவே கசியும். அவ்வாறாயின் சில அணுக்களில் நீர் விரைந்து பாய்வது எப்படி? இதற்கு விடை கண்டவர் அமெரிக்க விஞ்ஞானி பீட்டர் ஆக்ரே. இரத்தச் சிவப்பணுக்களில் கிடைத்த ஒரு புரதத்தை அவரும் அவருடைய துணைவர்களும் தவளை முட்டைகளில் உண்டாகச் செய்து, 1992இல் சோதித்தனர். உப்புச் செறிவு குறைந்த நீரில் இட்டதும் அம்முட்டைகள் விரைவில் உப்பி வெடித்தன. சாதாரண முட்டைகளோ அவ்வாறு வெடிக்கவில்லை. அப்புரதமே நீர் செல்லும் வாய்க்கால் என்பது தெளிவாயிற்று. 2003இல் வேதியியலுக்கான நோபல் பரிசு ராடரிக் மக்கினனுடன் அவருக்கும் வழங்கப்பட்டது.

இவ்வாய்க்காலில் நீர்மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாகவே நுழைய முடியும். எனினும், ஒரு வினாடியில் ஏறத்தாழ 300 கோடி மூலக்கூறுகள் கடந்து விடுகின்றன. நெற்பயிரில் இத்தகைய புரதங்களுக்குரிய 33 மரபணுக்கள் கண்டறியப்பட்டுள்ளன.

இனி, இவ்வாய்க்கால் மூடும் விதத்தைக் காண்போம். ஸ்பினாச் என்னும் கீரையின் இப்புரதத்தை ஆராய்ந்த சுவீடன் நாட்டு விஞ்ஞானிகளும் அவர்களுடைய துணைவர்களும் 2006இல் அதன் வடிவத்தை வெளியிட்டனர். வாய்க்காலின் உட்புற வாயிலருகே, புரதத்தின் ஒரு வளைவு பலகை போல நிற்கிறது. அது விலகியிருந்தால் நீர் செல்லும். வாயிலின்மேல் மடிந்தால் வழி அடைபடும். அது மடிவதற்குக் காரணங்கள் இரண்டு. வறட்சி நேரும்போது, புரதத்துடன் இணைந்திருந்த பாஸ்பேட் நீங்குகிறது. உடனே பலகை மூடுகிறது. உள்ளிருக்கும் நீரைச் செடி காத்துக்கொள்ள இது உதவுகிறது.

மற்றொரு காரணம் வெள்ளம். தேங்கிய நீர் மண்ணிலுள்ள காற்றை வெளியேற்றி விடுகிறது. பிராணவாயு கிடைக்காமல் வேரின் அணுக்களில் அமிலத்தன்மை மிகுகிறது. அந்த அமிலத்தைப் பலகையிலுள்ள ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் உணர்ந்ததும் வாயில் அடைபடுகிறது. இதனை பிரான்சு நாட்டு மான்பெலியே நகர ஆராய்ச்சியாளர்கள் 2003இல் எடுத்துக்காட்டினர். நம் உளுந்தும் பருத்தியும் நீரில் நின்றே வாடுவதற்கு இது ஒரு முக்கிய காரணமாகும்.

நெல் மட்டும் தேங்கிய நீரில் செழிப்பானேன் என்று கேட்கலாம். அதன் தண்டிலும் வேரிலும் காற்றுக் குழல்கள் உண்டு. இலைவழியே வரும் காற்று அவற்றின் மூலம் வேர்வரை இறங்குகிறது. பயறு வகைகளுக்கும் பருத்திக்கும் அத்தகைய வசதி போதிய அளவு இல்லை.

ஆகவே, மழைக்குப்பின் துவண்ட செடிக்கு மேலும் நீர் பாய்ச்சுவதால் பயனில்லை. தேங்கிய நீரை வடித்து, மண்ணுக்குள் காற்றுப் புகச் செய்வதே முதல் வேலை. காற்றுக் கிடைத்ததும் அமிலம் தணியும். மதகுகள் மீண்டும் திறக்கும். ஆனால் தாமதித்தால் வேரே அழுகிவிடும். அதன்பின் திறப்பதற்கு மதகு ஏது?

இங்கு நாம் சிந்திக்கவேண்டியது ஒன்றுண்டு. பாசன வாய்க்காலைத் தூர்வார நாம் காட்டும் அக்கறையில் பாதியேனும் வடிகாலுக்குக் காட்டுகிறோமா? மேல்வயல்காரர் எவ்வளவு ஒழுங்காக நீரை வடித்தாலும், கீழே வடிகால் அடைபட்டிருந்தால் அனைவருடைய வேரும் மூச்சுத் திணறும். வடிகால் ஒருவரால் காக்கக்கூடியதன்று. ஊரார் கூடியே காக்கவேண்டும். விவசாயியின் பயறும், நெசவாளரின் தறிக்கு நூலாகும் பருத்தியும் அதனை நம்பியிருக்கின்றன. மழைக்காலத்துக்கு முன்பே அங்கத்தினர்கள் ஒன்றுகூடி இப்பணியை முடித்துவிடுவது நலம்.