எத்தனை நாளாக இருமல்? நோயைச் சொல்லும் ஆங்கிலம்

நம் மாணவர்கள் நோயைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும் முதல் வாக்கியம் விடுப்புக் கடிதத்தில்தான் வருகிறது. 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று தொடங்கும் அதுதான். உண்மையில் வந்தது வயிற்றுவலியாக இருந்தாலும், அக்காவின் திருமணமாக இருந்தாலும், கடிதத்தில் இருப்பது ஃபீவர்தான். விடுப்பு வாங்க இந்த வாக்கியம் போதும். மருத்துவரிடம் விவரம் சொல்லப் போதாது.

நாவலூர் போன்ற ஊர்களில் இது வெறும் பாடப்புத்தகத் தேவையன்று. பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய பகுதிகளில் பிற மாநிலங்களிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளர் குடும்பங்களும் வாழ்கின்றன. மருந்துச் சீட்டும் பரிசோதனை அறிக்கையும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. படிக்கத் தெரியாத பெற்றோருக்கு அவற்றை வாசித்துச் சொல்வது பல வீடுகளில் எட்டாம் வகுப்புப் பிள்ளைதான்.

'எனக்கு' என்பது 'ஐ' ஆகும் இடம்

தமிழில் நோய் நம்மிடம் வருகிறது: 'எனக்குக் காய்ச்சல் வருகிறது'. நோயாளி நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். ஆங்கிலத்தில் அவரே எழுவாய்: 'ஐ ஹேவ் எ ஃபீவர்'. 'ஃபீவர் இஸ் கமிங்' என்று மாணவர் சொன்னால், அவர் தமிழில் சரியாகச் சிந்திக்கிறார் என்றுதான் பொருள். இரண்டு வாக்கியங்களையும் கரும்பலகையில் அருகருகே எழுதி, எழுவாய் எது என்று கேட்டாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

'கால் வலிக்கிறது' என்பதை 'மை லெக் இஸ் பெயினிங்' என்கிறோம். நம் நாட்டில் புரியும். பிற நாடுகளில் 'மை லெக் ஹர்ட்ஸ்' என்பதே வழக்கு. 'ஏக்' என்ற சொல் தலை, பல், வயிறு, காது, முதுகு ஆகியவற்றோடு சேர்ந்து ஒரே சொல்லாகும்: ஹெட்ஏக், டூத்ஏக், ஸ்டமக்ஏக். காலுக்கும் கண்ணுக்கும் அப்படி ஒட்டும் வழக்கம் இல்லை. அங்கே 'பெயின் இன் மை லெக்' என்று சொல்லிக்கொடுக்கலாம்.

காலத்தைச் சொல்லுதல்

மருத்துவர் தவறாமல் கேட்கும் கேள்வி 'எத்தனை நாளாக?' என்பது. இங்கேதான் நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிறார்கள். 'ஐ ஹேவ் காஃப் சின்ஸ் டூ வீக்ஸ்' என்பார்கள்.

இதைத் திருத்தத் தமிழே உதவுகிறது. 'இரண்டு வாரமாக' என்பது கால அளவு, ஆங்கிலத்தில் 'ஃபார்'. 'திங்கட்கிழமையிலிருந்து' என்பது தொடங்கிய புள்ளி, ஆங்கிலத்தில் 'சின்ஸ்'. 'ஆக' வந்தால் 'ஃபார்', 'இலிருந்து' வந்தால் 'சின்ஸ்' என்று சொன்னால் நான்காம் வகுப்புக் குழந்தையும் பிடித்துக்கொள்ளும். வினைச்சொல்லில் மட்டும் தமிழ் கைகொடுக்காது. நாம் 'இருமல் இருக்கிறது' என நிகழ்காலத்தில் சொல்வதை ஆங்கிலம் 'ஐ ஹேவ் ஹேட் எ காஃப் ஃபார் டூ வீக்ஸ்' என்கிறது.

'இரண்டு வாரம்' என்ற எடுத்துக்காட்டுக்குக் காரணம் உண்டு. இரண்டு வாரமோ அதற்கு மேலோ இருமல் நீடித்தால் காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் வழிகாட்டுதல். இந்த வாக்கியத்தைச் சரியாகச் சொல்லப் பழகும் குழந்தை, அந்தச் செய்தியையும் வீட்டுக்குக் கொண்டுபோகும்.

க்ரானிக் என்றால் கடுமையா?

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். காலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது 'க்ரானிக்'. நாம் சொல்லும் 'நாள்பட்ட' என்பதும் அதே எண்ணம்தான். 'அக்யூட்' என்பது திடீரெனத் தொடங்குவது. ஒரே நாளில் அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோகும் குடல்வால் அழற்சி அக்யூட். ஆண்டுக்கணக்கில் லேசாகத் தொடரும் ஆஸ்துமா க்ரானிக். வீட்டில் 'வீசிங்' என்று சொல்லப்படும் குழந்தையின் சீட்டில் 'க்ரானிக்' என்ற சொல்லைப் பார்த்துப் பெற்றோர் கலங்கினால், இந்த வேறுபாட்டை நாம் விளக்கலாம்.

நோயும் மனிதரும்

நம் மாவட்டத்திலேயே செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1955 முதல் மத்திய தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. தொழுநோய் இன்று கூட்டுமருந்தால் முழுமையாகக் குணமாகிறது. மணமுறிவுக்கான காரணங்களில் ஒன்றாகச் சட்டத்தில் இருந்த தொழுநோய் 2019இல்தான் நீக்கப்பட்டது. ஆங்கிலத்தில் 'லெப்பர்' என்ற பழைய சொல்லைத் தவிர்த்து, 'எ பெர்சன் அஃபெக்டட் பை லெப்ரசி' என்கிறார்கள். நோயின் பெயரையே மனிதருக்கு வைக்கக் கூடாது என்பதே காரணம். வகுப்பில் வலிப்பு வரும் குழந்தையையும், நீரிழிவுக்கு ஊசி போட்டுக்கொள்ளும் குழந்தையையும் எப்படி அழைக்கிறோம் என்பதற்கும் இது பொருந்தும்.

வகுப்பறைச் செயல்பாடு

மாணவர்களை இருவர் இருவராக உட்காரவையுங்கள். ஒருவர் மருத்துவர், மற்றவர் நோயாளி. கேள்விகள் நான்கு: என்ன? எங்கே? எவ்வளவு நாளாக? விட்டுவிட்டா, தொடர்ந்தா? கடைசிக் கேள்விக்கு மூன்று பதில்களைக் கற்பிக்கலாம். விட்டுவிட்டு வந்தால் 'இட் கம்ஸ் அண்ட் கோஸ்'; போனது திரும்பத் திரும்ப வந்தால் 'இட் கீப்ஸ் கமிங் பேக்'; விடாமல் படுத்தினால் 'இட் வோன்ட் கோ அவே'.

பிறகு அதே விடுப்புக் கடிதத்தை இந்த நான்கு விவரங்களோடு எழுதச் சொல்லுங்கள். ஒரு மாணவரின் கடிதத்தில் 'ஃபார் த்ரீ வீக்ஸ்' என்று இருந்தால், பிழை திருத்துவதோடு நின்றுவிடாமல் அன்று மாலையே பெற்றோரை அழைத்துப் பேசுங்கள்.