ஒரே பாகம், பல வண்டிகள்: மைசூரு மோட்டார் சைக்கிளும் கணினி வரைபடமும்

மைசூருவின் யாதவகிரியில் இருந்த ஐடியல் ஜாவா ஆலை, செக்கோஸ்லோவாகியாவிலிருந்து உரிமம் பெற்று 1961-ல் ஜாவா மோட்டார் சைக்கிள்களைத் தயாரிக்கத் தொடங்கியது. 1973-ல் வண்டியின் பெயர் யெஸ்டி ஆனது. 1996-ல் ஆலை மூடப்படும்வரை டீலக்ஸ், கிளாசிக், ரோடுகிங், மோனார்க் என்று பல வண்டிகள் வந்தன. டேங்க் மாறியது, இருக்கை மாறியது, ஹேண்டில்பார் மாறியது. ஆனால் 250 சிசி இன்ஜினின் சிலிண்டர் விட்டம் 65 மி.மீ., பிஸ்டன் ஓடும் நீளம் 75 மி.மீ. என்ற அடிப்படை மாறவில்லை. கியர் போடும் லீவரையே திருப்பி நிறுத்தினால் கிக்கராகும் அந்த அழகான ஏற்பாடும் தொடர்ந்தது.

பல வண்டிகளுக்குப் பொதுவான பாகம் என்றால் அச்சு ஒன்று போதும், கையிருப்பு குறையும், மெக்கானிக்குக்கும் வேலை எளிது. சிக்கல் தொடங்குவது, ஒரு வண்டிக்கு மட்டும் அந்தப் பாகத்தைச் சற்றே மாற்ற வேண்டியிருக்கும்போதுதான். மாற்றம் மற்ற வண்டிகளுக்கும் போக வேண்டுமா, கூடாதா?

இன்று இந்தக் கேள்வி கணினித் திரையில் எழுகிறது. பாகங்களைக் கணினியில் வரைந்து வடிவமைக்கும் கேட் (CAD) மென்பொருளில் ஒரு முழு வண்டியின் அசெம்பிளியைத் திறந்தால் எல்லாப் பாகங்களும் அதற்குள்ளேயே இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் ஒவ்வொரு பாகமும் தனிக் கோப்பில் இருக்கிறது. எந்தக் கோப்பை எடுத்து, எந்த இடத்தில், எந்தத் திசையில் பொருத்த வேண்டும் என்ற குறிப்பைத்தான் அசெம்பிளி வைத்திருக்கிறது. இந்த எண்ணத்தின் வேர் 1963-ல் இருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் நிரலில், மூல வரைபடம் ஒன்றைத் திருத்தினால் அதிலிருந்து எடுத்து வைத்த பிரதிகள் எல்லாம் தாமாகவே திருந்தின.

வரமும் ஆபத்தும் இதிலேயே இருக்கின்றன. ரோடுகிங்குக்காக ஒரு பிராக்கெட்டின் துளையை 3 மி.மீ. நகர்த்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதே கோப்பை எடுத்தாளும் கிளாசிக்கிலும் துளை நகர்ந்துவிடும். அங்கே போல்ட் துளையில்லாத இடத்தில் போய் நிற்கும். இதற்குப் பயந்து, கோப்பை வேறு பெயரில் நகலெடுத்துத் திருத்துவது பலருடைய வழக்கம். சில மாதங்கள் கழித்து அந்த பிராக்கெட்டின் மூலையில் விரிசல் விழுவது தெரிந்து, மூலையின் வளைவைக் கூட்டுகிறார்கள். திருத்தம் மூலக் கோப்புக்கு மட்டுமே போகும். நகல் பழைய குறையோடு அப்படியே இருக்கும். இரண்டில் இதுவே பெரிய தவறு என்பேன். துளை விலகினால் திரையிலேயே தெரியும். விரிசல் சாலையில்தான் தெரியும்.

நல்ல வழி, ஒரே கோப்புக்குள் பல கான்ஃபிகரேஷன்களை வைப்பது. மாறாத வடிவத்தை ஒருமுறை வரைந்து, மாறும் அளவுகளை மட்டும் அட்டவணையில் வரிசை வரிசையாகக் கொடுக்க வேண்டும். ரோடுகிங் ஒரு வரிசையை எடுத்துக்கொள்ளும், கிளாசிக் இன்னொன்றை. மூலையின் வளைவு பொது வடிவத்தில் இருப்பதால், அதை ஓரிடத்தில் திருத்தினால் இரண்டுக்கும் போய்ச் சேரும். இடப்பக்கம், வலப்பக்கம் என ஜோடியாக வரும் பாகங்களுக்கும் அப்படியே: ஒன்றை வரைந்து மற்றதை அதன் கண்ணாடி பிம்பமாக இணைத்து வைக்கலாம். ஆனால் பார்ட் நம்பர் இரண்டுக்கும் தனித்தனியாக வேண்டும். ஒன்றை மற்றதன் இடத்தில் மாட்ட முடியாதே!

எப்போது புது எண் என்பதற்கு உலகெங்கும் உள்ள அளவுகோல் இதுதான். வடிவம், பொருத்தம், செயல் ஆகிய மூன்றிலும் புதியது பழையதன் இடத்தில் தயங்காமல் உட்கார்ந்தால் அதே எண்ணில் அடுத்த ரிவிஷன். ஒன்றில் பிசகினாலும் புது எண். ஜெனரல் மோட்டார்ஸில் இந்த விதி மீறப்பட்டது. சில கார்களின் இக்னிஷன் சுவிட்ச் தளர்வாக இருந்ததால், ஓடும்போதே சாவி திரும்பி இன்ஜின் நின்றது. விபத்தில் ஏர்பேக்கும் விரியவில்லை. 2006-ல் சுவிட்சின் உள்பாகம் மாற்றப்பட்டது, எண் மாற்றப்படவில்லை. எண் ஒன்றாகவே இருந்ததால் பழையதையும் புதியதையும் பிரித்தறிய முடியாமல் விசாரணை குழம்பியது. 2014-ல் சுமார் 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 124 மரணங்களுக்கு இழப்பீடு தரப்பட்டது.

பொதுப் பாகம் என்ற வழக்கம் மைசூரு ஆலையோடு முடிந்துவிடவில்லை. யெஸ்டி பெயர் 2022-ல் கிளாசிக் லெஜண்ட்ஸ் நிறுவனத்தின் மூலம் சந்தைக்குத் திரும்பியபோதும் அட்வென்ச்சர், ஸ்கிராம்ப்ளர், ரோட்ஸ்டர் என்ற மூன்று வண்டிகளுக்கும் 334 சிசி இன்ஜின்தான் பொது. ட்யூனிங் மட்டும் வண்டிக்கு வண்டி வேறு.

கேட் கற்கும் மாணவர்களுக்கும் பட்டறை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பொதுப் பாகம் ஒன்றில் கை வைக்கும் முன், அது எந்தெந்த அசெம்பிளியில் இருக்கிறது என்ற பட்டியலை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான மென்பொருள்களில் அதற்குச் சில நொடிகள் போதும்.